அடிக்கட்டையை மாற்றுகிறவர்கள்

பனி மூடிய சிகரங்களுக்கு முன்னால், புல்வெளி நடுவே தன்னந்தனியாக நிற்கும் ஒரு மரக் கொட்டகையின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நாட்காட்டியில், அஞ்சலட்டையில், கணினித் திரையில் என்று அது இல்லாத இடமில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மோல்ட்டன் கொட்டகை அது. விடிவதற்கு முன்பே வந்து முக்காலி போட்டு இடம் பிடிக்கிற புகைப்படக்காரர்களுக்கு அங்கே பஞ்சமே கிடையாது.

படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி தோன்றுவதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால், கையில் கிடைத்த மரத்தை வைத்துக் கட்டின கொட்டகை, அத்தனை பனியிலும் காற்றிலும் எப்படி இன்னும் நிற்கிறது? தானாக நிற்கவில்லை. கூரையில் ஏறிப் பலகை மாற்றியவர்கள் இருக்கிறார்கள், சுவரோரம் மண்ணைத் தோண்டி உளுத்த கட்டையை உருவி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு பைசா சம்பளம் வாங்காதவர்கள். கோடை விடுமுறையைச் செலவு செய்து, கூடாரத்தில் படுத்து, இந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்.

இந்தக் கொட்டகை ஒரு ராஞ்சின் பகுதி. ராஞ்ச் என்பதைப் பண்ணை என்று சொல்லிவிடலாம். ஆனால் வயலும் வரப்புமான பண்ணை மனசில் வந்துவிடக் கூடாது. அமெரிக்க மேற்கின் ராஞ்ச் என்பது முதலில் மேய்ச்சல் நிலம், அதற்குத் துணையாகக் கொஞ்சம் வைக்கோல் வயல், நடுவில் ஒரு வீடு, அதைச் சுற்றிக் குதிரைக் கொட்டகை, தானிய அறை, கொல்லன் பட்டறை, பம்ப் வீடு, கழிப்பறை என்று சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு சின்னக் கட்டடங்கள். 1862ஆம் வருஷத்து ஹோம்ஸ்டெட் சட்டம், அஞ்சு வருஷம் தங்கி, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திக் காட்டுகிறவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை குறைந்த மேற்கில் அந்த 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பது அரசுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. 1909இல் அளவை 320 ஆக்கினார்கள். 1916இல், மேய்ச்சலுக்கு மட்டும் ஏற்ற நிலம் என்றால் 640 வரை கிடைத்தது.

மோல்ட்டன் கொட்டகை இருக்கும் இடத்துக்கு மார்மன் ரோ என்று பெயர். 1890களிலிருந்து மார்மன் சமயக் குடும்பங்கள் இங்கே வந்து நிலம் எடுத்தன. மேற்கில் மற்ற இடங்களில் வீட்டுக்கு வீடு பல மைல் தூரம் இருக்கும். இவர்கள் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்பதால் ஒரே தெருவை ஒட்டி வீடுகளை அமைத்துக்கொண்டார்கள், கூடிக் கால்வாய் வெட்டினார்கள். தாமஸ் ஆல்மா மோல்ட்டன் 1912 வாக்கில் கொட்டகையைத் தொடங்கினார். முதலில் தட்டைக் கூரையோடு சின்னதாக ஒன்று. பிறகு மேலே வைக்கோல் பரண். அப்புறம் ஒரு பக்கம் சார்ப்பு, இன்னொரு பக்கம் சார்ப்பு. கட்டி முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. காசும் நேரமும் கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த கட்டடம் அது. தேர்ந்த தச்சரோ வரைபடமோ இல்லை. இந்த வகைக் கட்டடங்களைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம்: இவை நூறு வருஷம் நிற்கவேண்டும் என்று நினைத்துக் கட்டியவை இல்லை. வர இருக்கிற குளிருக்கு முன்னால் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று கட்டியவை.

சரி, ராஞ்ச் வீடுகள் தேசியப் பூங்காவுக்குள் எப்படி வந்தன? உண்மையில் பூங்காதான் ராஞ்ச்களுக்குள் வந்தது. 1929இல் கிராண்ட் டீட்டன் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதில் மலைகளும் அடிவார ஏரிகளும் மட்டுமே இருந்தன. பள்ளத்தாக்கில் மக்கள் இருந்தார்கள். பெரும் பணக்காரரான இளைய ஜான் டி. ராக்ஃபெல்லர், ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற பெயரில், தான் வாங்குவது வெளியே தெரியாமல், சுமார் 35,000 ஏக்கர் நிலத்தை ராஞ்ச்காரர்களிடமிருந்து வாங்கினார். விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. 1943இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பள்ளத்தாக்கைத் தேசியச் சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் இடமாக, அறிவித்தார். 1949இல் ராக்ஃபெல்லர் நிலத்தை அரசுக்குக் கொடுக்க, 1950இல் எல்லாம் சேர்ந்து இன்றைய பூங்கா ஆனது. பல குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு, உயிர் உள்ளவரை அங்கேயே இருக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டன. அந்த உரிமை முடிந்ததும் வீடு பூங்காவின் கைக்கு வரும்.

வந்த வீட்டை என்ன செய்வது? அன்றைய அதிகாரிகளுக்கு இதில் குழப்பமே இல்லை. பூங்கா என்றால் இயற்கை, வீடு அதற்கு இடைஞ்சல், இடித்துத் தள்ளு அல்லது அப்படியே விடு. பல பத்தாண்டுகள் இதுதான் நடந்தது. எத்தனையோ ராஞ்ச்கள் இன்று ஒரு பழைய மரவரிசையாகவோ, புல்லுக்கு நடுவே தெரியும் ஒரு பள்ளமாகவோதான் மிச்சம்.

ஒயிட் கிராஸ் ராஞ்சின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஹரால்ட் ஹேமண்டும் ஜார்ஜ் டக்கர் பிஸ்பமும் 1913இல் தொடங்கிய ராஞ்ச் அது. மாட்டில் வருமானம் போதவில்லை. 1919இல் அதை டூட் ராஞ்சாக மாற்றினார்கள். டூட் என்பது கிழக்குப் பக்கத்து நகரத்து ஆளைக் குறிக்கும் சொல். காசு கொடுத்து வந்து, கேபின் என்கிற சின்ன மரக்கட்டை வீட்டில் தங்கி, குதிரை ஏறி, கௌபாய் வாழ்க்கையைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. கடைசி உரிமையாளர் 1985இல் இறந்ததும் ராஞ்ச் மூடிக்கொண்டது. அடுத்த இருபது வருஷம் கேபின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. கூரை ஒழுகியது, சுவர் சாய்ந்தது, எலி குடியேறியது.

பிறகு மனசு மாறியது. 1966இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், பழைய கட்டடத்தில் கை வைக்கும் முன் அரசுத் துறைகளை யோசிக்க வைத்திருந்தது. ஆனால் சட்டம் வந்து முப்பது வருஷம் கழித்து, 1997இல்தான் மார்மன் ரோ தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. 2005 வாக்கில் தேசியப் பூங்காத் துறை ஒயிட் கிராஸைக் கையில் எடுத்தது. தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்துகொண்டது. பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேபினாக மீட்டார்கள். ஊழியர்களோடு மாணவர்களும் தன்னார்வலர்களும் கட்டை தூக்கினார்கள். மீட்ட இடம் அருங்காட்சியகம் ஆகவில்லை. பழைய கட்டட வேலையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையமாக ஆனது. படிக்க வருகிறவர்கள் அந்தக் கேபின்களிலேயே தங்குகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆள் புழங்குகிற வீட்டில் ஒழுகல் அன்றைக்கே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் அது தெரிய பத்து வருஷம் ஆகும்.

இதற்கெல்லாம் ஏன் தன்னார்வலர்கள்? அரசு பணம் கொடுக்காதா? கொடுக்கும், ஆனால் போதாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் செய்யாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளின் மொத்த மதிப்பு 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சாலை, பாலம், குடிநீர்க் குழாய், கழிவுநீர் என்று வரிசை நீளம். அந்த வரிசையில் ஒரு பழைய தானிய அறை எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 2020இல் வந்த சட்டம் ஒன்று அஞ்சு வருஷத்துக்குப் பெரிய தொகை ஒதுக்கியும் அந்த வேலைப் பாக்கி தீரவில்லை.

பூங்காவில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வழி கொடுக்கும் சட்டம் 1970இலிருந்தே இருக்கிறது. வனத்துறைக்கும் பாஸ்போர்ட் இன் டைம் என்ற தனித் திட்டம் உண்டு. தொல்லியல் அகழ்வு முதல் பழைய கேபின் பழுதுபார்ப்பு வரை அதில் பொதுமக்கள் சேரலாம். 2009இல் கொலராடோவில் ஹிஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு தொடங்கியது. ஒரு கட்டடம், ஒரு சில தன்னார்வலர்கள், அவர்களுக்கு வேலை தெரிந்த தலைமை ஆட்கள், பெரும்பாலும் ஒரு வாரம். முன் அனுபவம் தேவையில்லை. சாப்பாடும் கருவிகளும் அவர்கள் கொடுப்பார்கள், கூடாரமும் உழைப்பும் நாம் கொண்டுபோக வேண்டும். தேசிய அறக்கட்டளை தன் பங்குக்கு இளைஞர்களை வைத்து ஹோப் க்ரூ என்ற குழுக்களை 2014 முதல் இறக்கியது.

முன் அனுபவமே இல்லாதவரை வரலாற்றுக் கட்டடத்தில் இறக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னுடைய பதில், இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களும் பெரும்பாலும் முன் அனுபவம் இல்லாதவர்கள்தான் என்பது. பக்கத்து ராஞ்ச்காரர் நாலு பேர் வந்து கை கொடுத்து எழுப்பிய சுவர் அது. வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால், அந்த வேலையின் அடிப்படை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். சிற்ப வேலைப்பாடுள்ள ஒரு தேவாலயத்தில் இப்படிச் செய்யமுடியாது. மரக்கட்டைக் கேபினில் முடியும்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

மரம் வயசானால் அழுகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. கேபினைக் கொல்வது தண்ணீர். அது இரண்டு வழியில் வரும்: மேலே ஒழுகும் கூரை, கீழே மண். அந்தக் காலத்தில் அடிக்கட்டையை, அதாவது சுவரின் ஆகக் கீழே படுக்கவைக்கும் கட்டையை, நேராகத் தரைமேலோ, மூலைக்கு ஒன்றாக வைத்த கல்மேலோ உட்கார வைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் சருகும் தூசியும் சேர்ந்து சுவரோரம் மண் மட்டம் ஏறும். குளிர்காலத்தில் அதன்மேல் பனி குவியும். வெயில் படாத வடக்குச் சுவரில் அது வசந்தம் வரை கிடந்து, மெதுவாக உருகி, அடிக்கட்டைக்குள் இறங்கும். வெளியே இருந்து பார்த்தால் கட்டை நன்றாகவே தெரியும். உட்பக்கம் உளுத்துப்போயிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்டது பொத்தென்று சொல்லும். குத்தூசியை வைத்து அழுத்தினால் பஞ்சில் இறங்குவது போல இறங்கும்.

ஆனால் உள்ளே போவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பூட்டிக் கிடந்த கேபினில் மான் எலி என்கிற சின்ன எலி கூடு கட்டியிருக்கும். அதன் எச்சத்தில் ஹாண்டா வைரஸ் இருக்கலாம். 1993இல் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோதுதான் இந்த நோய் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. பிடித்தால் பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் பிழைப்பதில்லை. எனவே துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவதுதான் செய்யவே கூடாத காரியம். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து நுரையீரலுக்குப் போகும். கதவு சன்னலைத் திறந்து காற்றோட விட்டு, ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரத்தோடு துடைத்து எடுக்கவேண்டும். ஆர்வத்தோடு முதல் நாள் வருகிற தன்னார்வலர் முதலில் கற்றுக்கொள்வது பல இடங்களில் தச்சு வேலை இல்லை, இதுதான்.

அடுத்தது பதிவு. எதையும் தொடும் முன் படம் எடுத்து, அளந்து, ஒவ்வொரு கட்டையிலும் அடையாளச் சீட்டு மாட்டுவார்கள்: வடக்குச் சுவர், கீழிருந்து இரண்டாவது, என்று.

பிறகு தூக்குவது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் ஜாக்கி வைத்து, கேபினை அப்படியே மேலே ஏற்றவேண்டும். லாரிக்கு வைக்கிற ஜாக்கியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் கால் அங்குலம், அடுத்த மூலையில் கால் அங்குலம். ஆப்பு செருகு, நில், காது கொடுத்துக் கேள். மரம் முனகும். முனகல் விரிசல் சத்தமாக மாறினால் உடனே நிறுத்தவேண்டும். அவசரப்பட்டால் பல வருஷம் சாய்ந்தே பழகிப்போன சுவர் பிளந்துவிடும். சன்னல் கண்ணாடிகளை முன்பே கழற்றி வைத்திருப்பார்கள்.

உளுத்த கட்டையை உருவியதும் அதே வகை மரத்தில், அதே பருமனில் புதுக் கட்டை தேடவேண்டும். டீட்டன் பக்கம் பெரும்பாலும் லாட்ஜ்போல் பைன். பட்டையை உரிக்க, இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த நீளமான கத்தி. அதைத் தன்னை நோக்கி இழுத்து உரிப்பார்கள். மரத்தில் பால் ஓடும் கோடைத் தொடக்கத்தில் வெட்டிய கட்டை என்றால் பட்டை வாழைமட்டை மாதிரி நீள நீளமாக வந்துவிடும். இலையுதிர் காலத்தில் வெட்டியது என்றால் தோள் கழன்றுவிடும்.

மேலே இருக்கும் கட்டை உருளையாக, மேடு பள்ளமாக இருக்கும். புதுக் கட்டை அதன் வளைவுக்குப் பொருந்தவேண்டும். பென்சில் மாட்டிய கவராயத்தின் ஒரு காலைப் பழைய கட்டையில் ஓடவிட்டு, மறு காலால் அந்த வளைவைப் புதுக் கட்டையில் வரைந்துகொள்வார்கள். அந்தக் கோட்டில் ரம்பம் போட்டு, உளியால் காடி வெட்டி, வைத்துப் பார்த்து, எடுத்து, இன்னும் ஒரு சீவு சீவி, திரும்ப வைத்துப் பார்த்து… நாலஞ்சு தடவை ஆகும். முழுக் கட்டையும் கெட்டிருக்காவிட்டால் கெட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவார்கள். மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே மேல் என்பது அரசின் பாதுகாப்பு விதிகளில் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் சாந்திலும் ஒரு பாடம் உண்டு. 'பலமாக இருக்கட்டும்' என்று பின்னால் வந்தவர்கள் பல கேபின்களில் வெறும் சிமெண்டைப் பூசியிருக்கிறார்கள். மரம் சுருங்கி விரியும், சிமெண்ட் அசையாது. நடுவில் மயிரிழை விரிசல் விழும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையை அரிக்கும். நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கெடுத்த கதை இது. அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சுண்ணாம்பு சேர்ந்த மென்மையான சாந்து பூசுவது அலுப்பான வேலை. ஆனால் அதைச் செய்தால்தான் மற்றதெல்லாம் நிலைக்கும்.

இந்த முயற்சியில் எனக்கு மனக்குறையும் உண்டு. படத்துக்கு அழகான கட்டடத்துக்கு ஆள் சேரும். மோல்ட்டன் கொட்டகைக்கு ஆள் கிடைப்பது பெரிய காரியமில்லை. அதே தெருவில் இருக்கும் பம்ப் வீட்டுக்கும், கழிப்பறைக்கும், மண் மூடிய கால்வாய்க்கும் யார் வருவார்கள்? கால்வாய் இல்லாமல் வைக்கோல் இல்லை, வைக்கோல் இல்லாமல் கொட்டகையே தேவையில்லை. ராஞ்ச் என்பது அந்த எல்லாம் சேர்ந்த ஒன்று. இன்னொன்று, தன்னார்வலர் ஒரு வாரத்தில் போய்விடுவார். அடுத்த பனிக்கு முன் கூரையைப் பார்க்க நிரந்தர ஊழியர் ஒருவராவது வேண்டும். தன்னார்வலர்கள் இருக்கிறார்களே என்று அந்த ஊழியரின் பதவியைக் காலியாக விட்டுவிட்டால், கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் கொஞ்ச நாளில் தன்னார்வலர்களும் இருக்கமாட்டார்கள்.

மார்மன் ரோவுக்குப் பக்கத்திலேயே வேறொரு வேலையும் நடக்கிறது. குடியேறியவர்கள் வைக்கோலுக்காக விதைத்த வெளிநாட்டுப் புல் சுமார் 4,500 ஏக்கரில் படர்ந்து கிடக்கிறது. அதை அழித்துவிட்டு, முன்பு இருந்த சேஜ் புதர்க்காட்டைத் திரும்பக் கொண்டுவரப் பூங்கா உழைக்கிறது. காட்டெருமைக்கும் எல்க் மானுக்கும் சேஜ் கோழிக்கும் அது வேண்டும். ஒரு குழு குடியேறியவர்களின் புல்லைப் பிடுங்குகிறது, இன்னொரு குழு அவர்களின் கொட்டகைக்குக் கூரை போடுகிறது. முதலில் இது முரணாகத் தெரிந்தது. யோசிக்க யோசிக்க, இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பள்ளத்தாக்குக்கு நியாயம் செய்கின்றன என்று படுகிறது. அங்கே ராஞ்ச்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே மனிதர்கள் வேட்டையாடினார்கள், கிழங்கு தோண்டினார்கள். ஷோஷோனி போன்ற பழங்குடி மக்களின் கோடை நிலம் அது. அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகுதான் 160 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது. கொட்டகையைக் காப்பாற்றுகிறவர்கள் கதையின் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மிஞ்சுவது அந்த நாட்காட்டிப் படம் மட்டும்தான்.

வார வேலையின் கடைசி நாளுக்குத் திரும்புகிறேன். புதுக் கட்டையை உள்ளே செருகுவதற்கு முன், வெளியே தெரியாத பக்கத்தில் வருஷத்தைக் குறிப்பது பழைய கட்டட வேலை செய்கிறவர்களின் வழக்கம். நாளைக்குப் பிரித்துப் பார்ப்பவர் இது 1913ஆம் வருஷத்துக் கட்டை என்று ஏமாந்துவிடக் கூடாது. பிறகு ஜாக்கிகளை மூலைக்கு மூலை கால் அங்குலமாக இறக்குவார்கள். கேபின் புது அடிக்கட்டையில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பார். சுவர் சாய்ந்ததால் பல வருஷமாக நிலையில் சிக்கிப் பாதியில் நின்ற கதவு. சுவர் நேராக உட்கார்ந்திருந்தால், அது உரசாமல் வந்து முழுசாக மூடிக்கொள்ளும்.